இருநூறு மில்லி

செவ்வாய்க்கிழமை என்றால் புன்னைக்கேணி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கான நாள். உத்திரமேரூரிலிருந்து வரும் காலை பஸ் திரும்பிப் போவதற்குள் வராந்தா பெஞ்சுகள் நிறைந்துவிடும். இடம் கிடைக்காதவர்கள் புங்கமரத்தடியில் நிற்பார்கள். எல்லோர் கையிலும் ஓர் அட்டை, ஒரு தண்ணீர் பாட்டில். எல்லோர் கண்ணும் மூத்த செவிலியர் கோமளவல்லி எப்போது கூப்பிடுவார் என்று கதவையே பார்த்துக்கொண்டிருக்கும்.

கோமளவல்லிக்கு அந்தப் பக்கத்துப் பதினேழு கிராமங்களிலும் நல்ல பெயர். இருபத்திரண்டு வருட அனுபவம். மூவாயிரம் பிரசவங்களுக்கு மேல் பார்த்த கை. பிறந்த குழந்தையை ஒரு தரம் தூக்கிப் பார்த்துவிட்டு, "மூணு கிலோ நூறு" என்பார். தராசில் வைத்தால் பத்து இருபது கிராம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். ஒருமுறை தராசு நூறு கிராம் கூடக் காட்டியது. "மெசினுக்கு பேட்டரி போயிடுச்சி, மாத்துங்க" என்றார். மாற்றிப் பார்த்தார்கள், அவர் சொன்னதுதான் சரியாக இருந்தது. அன்றிலிருந்து அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

இப்படிப்பட்டவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. பிரசவம் முடிந்ததும் நிரப்ப வேண்டிய படிவத்தில் 'ரத்த இழப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் கோமளவல்லி எப்போதும் 200 மில்லி என்று எழுதுவார். ஒல்லியானவள், குண்டானவள், தலைப்பிரசவம், மூன்றாம் பிரசவம், எல்லோருக்கும் சொல்லிவைத்தாற்போல் அதே இருநூறு. சில நாள் கூட்டம் அதிகமாக இருந்தால் குழந்தை பிறப்பதற்கு முன்பே அந்தக் கட்டம் மட்டும் நிரம்பியிருக்கும்.

அவர் பொய் சொல்கிறவர் இல்லை. கண்ணால் பார்த்தார், வழக்கமான அளவுதான் என்று மனசுக்குப் பட்டது, எழுதினார். அவருக்கு வேலை கற்றுக்கொடுத்தவரும் அப்படித்தான் எழுதினார். பக்கத்து ஊரிலும் அப்படித்தான். ஊரே சேர்ந்து செய்கிற தப்புக்கு யாருக்கும் கூச்சம் வருவதில்லை, அதுதான் பெரிய வினை.

மூன்று மாதத்துக்கு முன் காஞ்சிபுரத்தில் பிரசவ ரத்தப்போக்கு பற்றி ஒரு பயிற்சி நடந்தது. பயிற்சி முடிந்து வரும்போது ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு பெட்டி கொடுத்தனுப்பினார்கள். உள்ளே கண்ணாடிபோல் பிளாஸ்டிக் விரிப்புகள். பிரசவமானவளின் இடுப்புக்குக் கீழே விரித்தால், வடிகிற ரத்தம் விரிப்பின் முனையில் தொங்கும் பையில் போய்ச் சேரும். பையில் அளவுக் கோடுகள் போட்டிருக்கும். முந்நூறில் மஞ்சள் கோடு, ஐந்நூறில் சிவப்புக் கோடு. மஞ்சளைத் தாண்டினால் உஷார், சிவப்பைத் தாண்டினால் உடனே சிகிச்சை. விஷயம் அவ்வளவுதான்.

அந்த விரிப்பில் ஒன்று அலுவலக அறையில் பிரிண்டரை மூடியிருந்தது. இன்னொன்று இன்வெர்ட்டரின் மேல் கிடந்தது. செம்மண் புழுதி பறக்கிற ஊரில் நல்ல கெட்டியான பிளாஸ்டிக்கை யார் சும்மா விடுவார்கள்? மீதி பீரோவில் பிரிக்காமலே இருந்தது.

"அக்கா, எல்லா பிரசவத்துக்கும் போடணும்னு டிரெய்னிங்ல சொன்னாங்களே?" என்று இரண்டாவது செவிலியர் ஜெனிஃபர் ஒருநாள் கேட்டாள்.

"மூவாயிரம் பேரப் பாத்த கண்ணு ஜெனிஃபர் இது. நேத்து வந்த பிளாஸ்டிக்கு எனக்கு சொல்லித் தரப் போவுதா?" என்று கோமளவல்லி சிரித்தார். ஜெனிஃபரும் சிரித்துவைத்தாள். மூத்தவர் சிரிக்கும்போது கூடச் சிரிக்காமல் அந்த அறையில் வேலை செய்ய முடியாது.

மாசி மாதத்து அந்தச் செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு ஒரு ஷேர் ஆட்டோ வாசலில் வந்து நின்றது. வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு இளவரசி இறங்கினாள். முதல் குழந்தை மாகறலில் அம்மா வீட்டில் இருந்தபோது பிறந்தது. இது இரண்டாவது, ஆகவே மாமியார் ராணியம்மாள்தான் கூட வந்திருந்தாள். அறுப்புக் காலம். புருஷன் மோகன்குமார் அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைகளோடு மூன்று நாளாகக் காத்துக் கிடந்தான்.

"வாம்மா இளவரசி. பயப்படாத, ரெண்டு மணிக்குள்ள கையில கொடுத்துடறேன்" என்றார் கோமளவல்லி.

சொன்ன சொல் தவறவில்லை. ஒன்றே முக்காலுக்குக் குழந்தை பிறந்தது, பெண். கோமளவல்லி இரண்டு கையிலும் ஏந்திப் பார்த்து, "ரெண்டு கிலோ தொள்ளாயிரம்" என்றார். தராசு இரண்டு தொள்ளாயிரத்து இருபது காட்டியது. மாமியார் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "மொதோ புள்ள பையன், ரெண்டாவது மகாலட்சுமி. எங்க வூட்டுக்கு இன்னா கொற?" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வழக்கமாகப் போட வேண்டிய ஊசியைப் போட்டாயிற்று. நஞ்சுக்கொடியும் முழுசாக வந்துவிட்டது. கோமளவல்லி குழந்தையைத் துடைத்துச் சூடாக வைப்பதில் முனைந்திருந்தார். ஜெனிஃபர் அந்த நேரம் பார்த்து ஒரு காரியம் செய்திருந்தாள். குழந்தை பிறந்து பனிக்குடத் தண்ணீரெல்லாம் வடிந்ததும், யாரையும் கேட்காமல் பீரோவிலிருந்து ஒரு விரிப்பைப் பிரித்து இளவரசியின் இடுப்புக்கடியில் செருகிவிட்டாள். கோமளவல்லி அதைப் பார்த்தார். எல்லோர் முன்னாலும் எதற்கு என்று பேசாமல் விட்டார். மேஜைக்குப் போய்ப் படிவத்தை எடுத்து, வழக்கம்போல இருநூறு என்று எழுதினார்.

கட்டிலில் கறை இல்லை. தரையிலும் ஒரு சொட்டு இல்லை. இளவரசி மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள். பெரியவன் சாப்பிட்டானா என்று கேட்டாள். தாகமாக இருக்கிறது என்றாள். அப்புறம், "காதுல இன்னாமோ ஊய்ங்குது அத்தே" என்றாள்.

"புள்ள பெத்த ஒடம்பு, அப்டித்தான் இருக்கும்" என்ற ராணியம்மாள், மருமகளின் தலையைக் கோதினாள். "ரத்தம் போவுதேன்னு பாக்காத. அது கெட்ட ரத்தம். எவ்ளோ போவுதோ அவ்ளோ நல்லது."

"அக்கா," என்றாள் ஜெனிஃபர். பையின் பக்கம் குனிந்திருந்தாள். "மஞ்சக் கோட்டத் தாண்டிச்சிக்கா."

"தண்ணியும் சேந்திருக்கும்."

"தண்ணி எல்லாம் போன பொறவுதான் வெச்சேன். அக்கா, சேப்புக் கோடும் தாண்டிச்சி. நீங்க வந்து பாருங்க."

கோமளவல்லி சலிப்போடு எழுந்து வந்தார். கட்டில் முனையில் பை தொங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை. குனிந்து, குழந்தையை ஏந்துகிற மாதிரியே பைக்கு அடியில் உள்ளங்கையை வைத்துத் தூக்கினார்.

அந்தக் கை ஒருநாளும் அவரை ஏமாற்றியதில்லை. கால் கிலோ எப்படி இருக்கும், அரைக் கிலோ எப்படி இருக்கும் என்று இருபத்திரண்டு வருடம் பழகிய கை அது. பையின் கனம் கையில் இறங்கியது. அறுநூறு மில்லிக்கு மேல்! சத்தமில்லாமல், ஒரு சொட்டு வெளியே தெரியாமல், பேசிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடமிருந்து இவ்வளவு ரத்தம் போயிருக்கிறது. கண் 'வழக்கம்போல' என்று சொல்லிவிட்டு மேஜைக்குப் போய்விட்டது. கண் பார்க்கத் தவறியதை அந்தப் பிளாஸ்டிக் பை பொறுமையாகச் சேர்த்துவைத்துக் காட்டிக்கொண்டிருந்தது.

"டாக்டரைக் கூப்பிடு. நூத்தியெட்டுக்கு போன் போடச் சொல்லு. ஜெனிஃபர், டிரெய்னிங்ல சொன்னாங்க இல்ல, எல்லாத்தையும் ஒண்ணா! ஒண்ணுக்காக இன்னொண்ண நிறுத்தாத!"

பழைய முறையில் ஒன்றைச் செய்வார்கள், காத்திருப்பார்கள், பலிக்காவிட்டால் அடுத்ததைச் செய்வார்கள். அந்தக் காத்திருப்பில்தான் உயிர் போகும். புதிய முறையில் காத்திருப்பே இல்லை. கோமளவல்லி அடிவயிற்றில் கையை வைத்துக் கர்ப்பப்பையைத் தேய்க்கத் தொடங்கினார். அது மாவுபோலத் தளர்ந்து கிடந்தது. ஜெனிஃபர் இளவரசியின் ஒரு கையில் சலைன் ஏற்றி, அதிலேயே கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும் மருந்தைச் சேர்த்தாள். இன்னொரு கையில் ரத்தப்போக்கை நிறுத்தும் ஊசியைப் போட்டாள். மருத்துவர் பூஜா நோயாளிகளை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து, சிறுநீரை வடித்துவிட்டு, உள்ளே எங்காவது கிழிந்திருக்கிறதா என்று சோதித்தார். மூன்று பெண்கள், ஆறு கைகள். அறையில் யாரும் கத்தவில்லை.

ராணியம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னாத்துக்கும்மா இவ்ளோ பேஜாரு? கெட்ட ரத்தம்தான, போவட்டுமே" என்றாள்.

"ராணியம்மா," என்றார் கோமளவல்லி, கை நிற்காமல். "கெட்ட ரத்தம்னு ஒண்ணும் இல்ல. போறது உன் மருமவளோட உசுரு."

அப்படிச் சொன்ன அதே நொடியில்தான் கோமளவல்லிக்கு சசிரேகாவின் முகம் கண்ணுக்குள் வந்தது.

போன ஐப்பசி. இதே கட்டில். அவளும் இப்படித்தான் தாகம் என்றாள், இப்படித்தான் பேசிக்கொண்டே இருந்தாள். பருத்தித் துணி பாதி ரத்தத்தைக் குடித்தது. ஆண்கள் பார்த்துவிடப் போகிறார்கள் என்று அவளுடைய அம்மா நனைந்த துணியை உடனுக்குடன் சுருட்டி எடுத்துப் போனாள். மீதியைத் தரை துடைக்கிற தண்ணீர் அடித்துக்கொண்டு போயிற்று. கோமளவல்லி கண்ணால் பார்த்து இருநூறு என்று எழுதினார். முகம் வெளுத்த பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள். வண்டி செங்கல்பட்டு போய்ச் சேர்ந்தபோது அவள் இல்லை. தலையெழுத்து என்றார்கள். அவள் புருஷன் திரும்பி வந்து, "நீங்க எவ்ளோ பாடுபட்டீங்கம்மா" என்று கோமளவல்லியைக் கும்பிட்டுவிட்டுப் போனான். அந்தக் கும்பிடு இப்போது நெஞ்சில் அறைந்தது.

"இறுகு தாயே, இறுகு" என்று கோமளவல்லி வாய்விட்டு முனகினார். யாரிடம் சொல்கிறார் என்று யாரும் கேட்கவில்லை.

நிமிடங்கள் போயின. பையில் ரத்தம் எழுநூறைத் தொட்டது. எழுநூற்று ஐம்பது. ஜெனிஃபர் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுநூற்று ஐம்பதிலேயே நின்றது. இன்னும் ஒரு நிமிடம், அப்போதும் எழுநூற்று ஐம்பது. கோமளவல்லியின் உள்ளங்கைக்குக் கீழே, மாவாகக் கிடந்த கர்ப்பப்பை மெல்ல மெல்லத் திரண்டு தேங்காயைப்போல இறுகியது.

எத்தனை பெரிய அதிசயம் அது! பதினெட்டு நிமிடத்துக்கு முன் ஒரு பெண் தன்னை அறியாமலே போய்க்கொண்டிருந்தாள். யாரும் மந்திரம் போடவில்லை, பெரிய இயந்திரம் எதுவும் வரவில்லை. கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, எல்லா மருந்துக் கிடங்கிலும் கிடைக்கிற இரண்டு மூன்று ஊசி, இடைவிடாத கை. இவ்வளவுதான் அவளைத் திருப்பிக் கொண்டுவந்தது. கோமளவல்லி சுவரில் சாய்ந்து நின்று அந்தப் பையையே பார்த்தார். கோயிலில் தீபாராதனையின்போது நிற்கிறவர்போல் நின்றார்.

இளவரசி மயக்கத்தில் மூடியிருந்த கண்ணைத் திறந்து, "புள்ள எங்க?" என்றாள்.

ராணியம்மாள் குழந்தையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் பார்வையும் பையைவிட்டு நகரவில்லை. "எங்க அக்காவும் இப்டித்தாம்மா," என்றாள் மெதுவாக. "புள்ள பொறந்து நல்லாத்தான் பேசிக்கினு இருந்தா. ரெண்டு பாவாட நனைஞ்சி, மூணாவதும் நனைஞ்சிச்சி. கெட்ட ரத்தம் போவுது, ஒடம்பு சுத்தமாவுதுன்னு நாங்க சுத்தி ஒக்காந்து பாத்துக்கினு இருந்தோம். வெளக்கு வெக்கறதுக்குள்ள போயிட்டா. நாங்களே பாத்துக்கினு இருந்தோமேம்மா!" அடக்க முடியாமல் அழுதாள்.

ஆம்புலன்ஸ் வந்து நின்றது. ஆபத்து தாண்டிவிட்டது, ஆனாலும் ரத்தம் ஏற்றியாக வேண்டும், காஞ்சிபுரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடட்டும் என்றார் மருத்துவர். அந்த நேரத்தில் மோகன்குமார் வந்து சேர்ந்தான். சட்டையெல்லாம் நெல் தூசு.

"நல்லபடியா பொறந்திச்சின்னு போன்ல சொன்ன? இன்னாத்துக்கு ஆம்புலன்சு?" என்று அம்மாவைக் கேட்டான்.

"உள்ள வா. வந்து இத்தப் பாரு" என்று ராணியம்மாள் மகன் கையைப் பிடித்து இழுத்துவந்து பையைக் காட்டினாள்.

அவன் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். "த்தே, இன்னாம்மா நீ. ஆம்பள பாக்கற விசயமா இது? நானே காலையிலேர்ந்து நொந்துபோய் வந்துகீறேன். நெல்லுல ஈரம் ஜாஸ்தியா கீதுன்னு திருப்பிட்டான்."

"எப்டிடா தெரியும் அவனுக்கு, ஈரம் ஜாஸ்தின்னு?"

"மெசின்ல போட்டுப் பாக்கறான் இல்ல."

ராணியம்மாளுக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ, வராந்தாவில் உட்கார்ந்திருந்த கர்ப்பிணிகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "நாப்பது வருசமா நெல்ல அள்ளிப் பாத்த கையி என்னுது. வாயில ஒரு மணிய போட்டுக் கடிச்சா ஈரம் கீதா இல்லியான்னு சொல்லுவேன். என் பேச்ச அவன் எடுத்துக்கினானா? அளந்தாத்தான் நம்புவேன்னு சொல்றான். நீங்களும் சரின்னு நிக்கறீங்க. ஒரு மூட்ட நெல்லுக்கு அளவு கீது, பால் ஊத்தறதுக்கு அளவு கீது. பெத்தவ ஒடம்புலேர்ந்து போற ரத்தத்துக்கு மட்டும் அளவு வாணாமா? அத்த மட்டும் மறைக்கணுமா, தொடைக்கணுமா? பாருடா! உன் பொண்டாட்டி இன்னிக்கி உசுரோட கீறான்னா, இத்த அளந்ததாலதான்."

மோகன்குமார் திரும்பிப் பார்த்தான். நீண்ட நேரம் பார்த்தான். பிறகு போய் மனைவியின் ஸ்ட்ரெச்சரை ஒரு பக்கம் பிடித்தான்.

வண்டி கிளம்பிப் போனதும் கோமளவல்லி மேஜைக்கு வந்தார். படிவத்தில் இருநூறு என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது. அதை அடித்துவிட்டு எழுநூற்று ஐம்பது என்று எழுதினார். எழுதிய பேனாவை மூடாமல் எழுந்து மருத்துவர் அறைக்குப் போனார்.

"மேடம், சசிரேகாவுக்கு நான் அளக்கல. சும்மா எழுதினேன். அவளுக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும் அப்டித்தான் எழுதினேன்."

பூஜா எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "என்கிட்ட சொன்னா எனக்கு மட்டும்தான் தெரியும் சிஸ்டர். நானும் அந்தப் படிவத்துல எல்லாம் கையெழுத்துப் போட்டவதான். வெள்ளிக்கிழமை உத்திரமேரூர்ல செவிலியர் கூட்டம் இருக்கு. அங்க சொல்றீங்களா? விசாரணை வரலாம். வராதுன்னு நான் சொல்லமாட்டேன்."

"வரட்டும்" என்றார் கோமளவல்லி.

வெள்ளிக்கிழமை காலை காஞ்சிபுரத்திலிருந்து மோகன்குமார் போன் செய்தான். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள், இளவரசி எழுந்து நடக்கிறாள், இட்லி சாப்பிட்டாள் என்றான். அதைக் கேட்டுவிட்டுத்தான் கோமளவல்லி பஸ் ஏறினார்.

கூட்டத்துக்கு நாற்பது செவிலியர்கள் வந்திருந்தார்கள். மாதாமாதம் நடக்கிற கூட்டம்தான். டீயும் போண்டாவும் சுற்றிவந்துகொண்டிருந்தன, பேச்சு ஓயவில்லை. கோமளவல்லி எழுந்து நின்று, சசிரேகாவின் பெயரைச் சொல்லி ஆரம்பித்ததும் தட்டுகள் மடியிலேயே நின்றுவிட்டன. எதையும் மறைக்காமல் சொன்னார். படிவத்தில் எழுதியதையும் சொன்னார், அவள் புருஷன் கும்பிட்டதையும் சொன்னார்.

"நான் கெட்டவ இல்ல. சோம்பேறியும் இல்ல. எனக்குத் தெரியும்னு நெனச்சேன், அவ்ளோதான் நான் பண்ண தப்பு. அந்தத் தப்புக்கு ஒருத்தி உசுரக் கொடுத்தா. நம்ம கண்ணு நல்ல கண்ணுதான், ஆனா பழகிப்போன கண்ணுக்கு எல்லாமே வழக்கம்போலத்தான் தெரியும். அனுபவத்த நம்புங்க, வாணாங்கல. ஆனா தாயோட ரத்தத்த அளந்து பாருங்க. அளக்காம எழுதற ஒவ்வொரு நம்பரும் பொய்யி. அந்தப் பொய்யிக்கு நாம இல்ல, அவங்கதான் சாவறாங்க."

கோமளவல்லி உட்கார்ந்தார். கை தட்டுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. யாரும் யாரையும் பார்க்கவில்லை. அந்த இருநூறு அங்கே இருந்த எல்லோருடைய கையெழுத்திலும் இருந்தது.

பின்வரிசையில் திவ்யா என்ற செவிலியர் முதலில் எழுந்தாள். ஒதுங்கிப் போகக்கூட அவளுக்குப் பொறுமை இல்லை, அங்கேயே நின்று கைப்பையிலிருந்து போனை எடுத்துத் தன் சுகாதார நிலையத்தைக் கூப்பிட்டாள். அதைப் பார்த்து அடுத்த வரிசையில் இன்னொருத்தி போனை எடுத்தாள், பிறகு நாலு பேர், பிறகு பத்துப் பேர். கொஞ்ச நேரத்தில் கூடம் முழுக்க ஒரே குரல்களாக இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாகத் திவ்யாவின் குரல் கேட்டது.

"அந்த ஷீட்டுப் பெட்டி பீரோவுல கீது, வெளிய எடுத்து வைங்க. சாவி என்கிட்டதான் கீது, நான் வர ஒரு மணி நேரம் ஆவும். அதெல்லாம் வாணாம், பூட்ட ஒடச்சிடுங்க. யாராச்சும் கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன். வலி எடுத்து ஒரு பொண்ணு வந்துகீதுன்னு இப்பத்தான சொன்னீங்க?"